சுங்கை சிப்புட்டில் பத்து நாள்: சாயோங் மண்குடுவை, பால்வெட்டுக் கத்தி, இன்னும் பார்க்க வேண்டியவை

வைகைக்கரை (மானாமதுரை)
ஞாயிறு, இரவு 9.15

வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் வியாழக்கிழமை மலேசியா வந்து சேர்ந்தோம். கோலாலம்பூரில் ஒரே இரவு. மறுநாள் ரயிலேறி பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இறங்கிவிட்டோம். சுற்றுலா வருகிறவர்கள் யாரும் இங்கே இறங்க மாட்டார்கள் என்று ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். நாங்கள் இறங்கியதற்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரரின் தாத்தாவுக்கு ஓர் அண்ணன். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர். அவர் எழுதிய இரண்டு கடிதங்கள் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன. இரண்டிலும் ஊர்ப்பெயர் சுங்கை சிப்புட். அவர் இருந்த தோட்டத்தின் பெயர் தெரியாது, சொந்தம் தேடியும் வரவில்லை. அந்த ஊர்க் காற்றை ஒருமுறை சுவாசிக்க வேண்டும் என்று இவருக்கு நெடுநாள் ஆசை.

எந்த ஊருக்குப் போனாலும் பக்கத்துச் சிற்றூர்களில் என்ன கைத்தொழில் நடக்கிறது என்று பார்ப்பது எங்கள் இருவருக்கும் பழக்கம். இவர் வேளார் வீட்டுப் பிள்ளை. சக்கரத்தை விட்டு இருபது ஆண்டு ஆகிவிட்டது. ஆனாலும் நல்ல மண்ணைக் கண்டால் எடுத்து விரலில் நசுக்கிப் பார்க்காமல் நகர மாட்டார். மாமனார் இன்னும் பானை செய்கிறார்.

நேற்று கோலகங்சார் போய், பேராக் ஆற்றைத் தாண்டி சாயோங் பார்த்தோம். சுரைக்காய் வடிவத்தில், கன்னங்கரேல் என்று, கழுத்து ஒடுங்கி நிற்கும் 'லாபு சாயோங்' குடுவைகள். கையால் செய்தது என்று சொல்லி ஒரு கடையில் இரண்டு கொடுத்தார்கள். அறைக்கு வந்து இவர் கழுத்துக்குள் விரலை விட்டுத் தடவினார். மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு. அச்சில் வார்த்தது. இவர் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்த ஊர்க்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள். கையால் வனைவதை எங்கே பார்க்கலாம்? ஒரு மணி நேரத் தொலைவுக்குள் வேறு என்னென்ன தொழில்கள் இருக்கின்றன? இன்னும் ஏழு நாள் இருக்கிறோம்.


சிப்புட்காரன்
ஞாயிறு, இரவு 10.40

வாங்க அக்கா, அண்ணே, எங்கள் ஊருக்கு வந்ததற்கு மகிழ்ச்சி. பசியாறுவதற்கு மார்க்கெட் பக்கம் போங்கள், காலை ஏழு மணிக்கே தோசை சூடாகக் கிடைக்கும்.

குடுவை விஷயத்துக்கு வருகிறேன். சாயோங்கில் இப்போது விற்பதில் பெரும்பகுதி அச்சுக் குடுவைதான். பாரிஸ் சாந்து அச்சில் மண்கூழை ஊற்றினால் சாந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும், ஓரத்தில் மண் ஒட்டி நிற்கும், மீதியைக் கவிழ்த்துவிடுவார்கள். ஒரு நாளில் பத்துக் கணக்கில் எடுக்கலாம். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. அச்சு வந்திராவிட்டால் அந்தச் சிற்றூர்களில் இந்தத் தொழிலே நின்றுபோயிருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அச்சுக் குடுவையைக் கைக்குடுவை என்று சொல்லி விற்றது தவறுதான்.

சாலையோரக் கடையில் நிற்காதீர்கள். உள்ளே வீடுகளுக்குப் போய் 'புவாத்தான் தாங்ஙான்' என்று கேளுங்கள், கைவேலை என்று அர்த்தம். வயதான அம்மாக்கள் சிலர் இன்னும் கையால் செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போக வேண்டாம். மலாய் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போனால் நல்லது.

வேறு தொழில் என்றால், அதே கோலகங்சாரில் 'தெக்காட்' இருக்கிறது. வெல்வெட்டில் பொன்னிழை வேலை. புக்கிட் சந்தான் பக்கம் கிரிஸ் கத்தி அடிக்கும் கொல்லரும் உண்டு. இஸ்தானா கெனாங்ஙான் என்ற பழைய மர அரண்மனையையும் விட்டுவிடாதீர்கள். 1926-இல் கட்டியது, ஆணியே அடிக்காதது. சுவர் முழுக்கப் பின்னிய மூங்கில்.


கிராணிமகள்
திங்கள், காலை 7.05

கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துப் பக்கம் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877-இல் சிங்கப்பூரிலிருந்து வந்து நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது என்று பலகை சொல்லும். நம் தாத்தா பாட்டிகள் இங்கே வந்ததற்கு அந்த மரத்தின் சந்ததிதான் காரணம். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.


வைகைக்கரை (மானாமதுரை)
செவ்வாய், இரவு 8.50

சிப்புட்காரன் தம்பிக்கு மிக்க நன்றி. இன்று முழு நாளும் சாயோங்கில்தான் இருந்தோம்.

நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுப் பாட்டி கூடவே வந்தார். 74 வயது. தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வேலை செய்தவர். மலாய் தண்ணீராகப் பேசுகிறார். இங்கே மலாய்க்காரர் சிற்றூரைக் கம்பம் என்கிறார்கள். எங்களுக்குக் கம்பம் என்றால் தேனிப் பக்கத்து ஊர், அதனால் முதல் நாள் பாட்டி பேச்சு புரியவே இல்லை.

மூன்றாவது வீட்டில் கேட்டபோது ஓர் அம்மா பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். சக்கரம் இல்லை. ஒரு பலகை மேல் அடிப்பகுதியை வைத்து, மண்ணைத் திரியாக உருட்டிச் சுற்றிச் சுற்றி ஏற்றுகிறார். ஒரு சுற்று ஏறியதும் மூங்கில் சில்லால் இழுத்து மட்டம் செய்கிறார். பலகையைத் திருப்புவதற்குப் பதில் சில நேரம் தானே குடுவையைச் சுற்றி நகர்ந்து உட்காருகிறார். என் வீட்டுக்காரர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கவே இல்லை. பக்கம் காய்ந்த குடுவைகளைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகு ஏற்றியிருந்தார்கள். செதுக்கிய மரத்துண்டை ஈர மண்ணில் அழுத்திப் பூ வரிசை போட்டிருந்தார்கள்.

எங்கள் அதிர்ஷ்டம், பக்கத்து வீட்டில் சுட்டு எடுக்கும் நாள். சிவக்கச் சிவக்க இருக்கும் குடுவையை நீளமான இடுக்கியால் தூக்கி அப்படியே நெல் உமிக் குவியலுக்குள் புதைத்தார்கள். குப்பென்று புகை. கொஞ்ச நேரம் கழித்துத் தோண்டி எடுத்தால் செங்கல் நிறத்தில் உள்ளே போனது கரியாக வெளியே வருகிறது. காற்று புகாமல் உமி கருகும்போது கரி மண்ணின் நுண்துளைக்குள் இறங்கிவிடுகிறது. பூசிய கறுப்பு இல்லை, கழுவினால் போகாது.

இவர் என் கையைப் பிடித்து, "கீழடி!" என்றார். எங்கள் சிவகங்கை மாவட்டம்தான் கீழடி. 2015 முதல் அங்கே தோண்டி எடுத்த கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளை நாங்கள் பல தடவை பார்த்திருக்கிறோம். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கறுத்தது என்று சொல்வார்கள். சாயோங் அம்மாவும் கீழடிக்காரரும் உறவு என்று நான் சொல்லவில்லை. மண், நெருப்பு, காற்றை அடைப்பது என்ற மூன்றையும் கையில் வைத்திருந்த இருவரும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் மானாமதுரைக்காரர் ஒருவர் பேராக் ஆற்றங்கரையில் உமிப்புகைக்கு நடுவில் நின்று கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

ஒரு குடுவை வாங்கினோம். அச்சுக் குடுவையைவிட விலை அதிகம், அந்த உழைப்புக்கு அது சரியான விலைதான்.

திரும்பும் முன் அந்த அம்மா பாட்டியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து ஏதோ கேட்டார். பாட்டி சிரித்து, அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். என்னவென்று கேட்டேன். "நீயும் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டினவளான்னு கேக்குறா. இவளும் சின்ன வயசுல அப்பா தோட்டத்துல வெட்டியிருக்கா" என்றார்.


நெல்லிக்காய்
செவ்வாய், இரவு 9.30

அந்தக் குடுவையில் தண்ணீர் உண்மையிலேயே குளிருமா, இல்லை அழகுக்குத்தானா?


வைகைக்கரை (மானாமதுரை)
செவ்வாய், இரவு 9.48

குளிரும். நம் மண்பானை போலத்தான். தண்ணீர் நுண்துளை வழியே கசிந்து வெளிப்பக்கம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். உள்ளே மெருகெண்ணெய் பூசியதை வாங்கினால் கசியாது, குளிரவும் செய்யாது. வாங்குகிறவர்கள் கேட்டு வாங்குங்கள்.


வைகைக்கரை (மானாமதுரை)
வியாழன், மதியம் 1.20

நேற்று தெக்காட் பார்த்தோம். வெல்வெட்டின் மேல் வார்ப்பாக ஒரு துண்டு வைத்து, அதன் மேல் பொன்னிழையை இப்படியும் அப்படியும் மடித்துக் கீழிருந்து நூலால் பிடிக்கிறார்கள். அதனால் பூ புடைத்து நிற்கிறது. திருமணத் தலையணை, விசிறி எல்லாம் இந்த வேலையில். மர அரண்மனை வேலை நடப்பதால் வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. மூங்கில் பின்னலில் மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம், பார்க்கப் பார்க்கப் பத்தமடைப் பாய் நினைவு வந்தது. ரப்பர் மரத்தடியிலும் நின்றோம்.

எழுத வந்தது அதைப் பற்றியல்ல.

இரவு சாப்பிடும்போது, "அந்த மரத்தைப் பாத்தீங்களே, அதுல எப்படிப் பால் எடுக்குறாங்கன்னு பாத்தீங்களா?" என்று பாட்டி கேட்டார். இல்லை என்றோம். பாட்டியின் தம்பி இரண்டு ஏக்கரில் இன்னும் ரப்பர் வைத்திருக்கிறார். சுற்றிலும் எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது. இன்று விடியும் முன் ஐந்தே முக்காலுக்குக் கூட்டிப் போனார்கள்.

தம்பி நெற்றி விளக்கோடு முதல் மரத்துக்கு முன் நின்றார். பழைய வெட்டின் மேல் காய்ந்து நூல்போல் ஒட்டியிருந்த கோட்டுப்பாலைப் பிய்த்தெடுத்துப் பையில் போட்டார். பால் பிடிக்கும் கிண்ணத்தை, அதை மங்கு என்கிறார்கள், துடைத்து நிமிர்த்தினார். கத்தியை இடது மேல்பக்கம் வைத்து வலது கீழ்ப்பக்கமாக இழுத்தார். அரை மரத்தைச் சுற்றிச் சாய்வாக ஒரே சீரான வெட்டு. கத்தி தாண்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகி, தகர மூக்கு வழியே மங்கில் சொட்டியது. ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த மரம்.

ஐந்தாறு மரம் ஆனதும் பாட்டி கத்தியைக் கேட்டு வாங்கினார். அவர் மரம் வெட்டுவதை விட்டுப் பதினெட்டு ஆண்டு ஆகிறது. பட்டையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். "ரொம்ப மேல வெட்டுனா பால் வராது. ரொம்ப உள்ள போனா மரத்துக்கு வலிக்கும்" என்று சொல்லிக்கொண்டே வெட்டினார்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? கீழே உதிர்ந்த சீவல்களைப் பொறுக்கி உள்ளங்கையில் வரிசையாக அடுக்கினார். எல்லாம் ஒரே கனம். விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அப்பா பானை விளிம்பை அறுத்தா இப்படித்தான் விழும்" என்றார்.

நாங்கள் கைத்தொழில் தேடி நான்கு நாள் சுற்றினோம். கையேட்டில் குடுவை இருக்கிறது, பொன்னிழை இருக்கிறது, கிரிஸ் இருக்கிறது. நாங்கள் படுத்துத் தூங்கிய வீட்டிலேயே இருந்த தொழில் எந்தக் கையேட்டிலும் இல்லை. பால்வெட்டும் ஒரு கைவினைதான். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த கைவினை. இங்கே யாருமே அதை அப்படிச் சொல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.


லயத்துப்பிள்ளை
வியாழன், மாலை 6.10

அக்கா, உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் இதை நான் ஏற்க மாட்டேன்.

என் அம்மா 31 ஆண்டு மரம் வெட்டினார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எங்களுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, இருட்டில் பெரட்டுக்குப் போய் நிற்பார். அங்கே பேர் கூப்பிட்டு, அன்று வெட்ட வேண்டிய மர வரிசையை, அதாவது நிரையை, கொடுப்பார்கள். பிறகு ஐந்நூறு மரம். அட்டை, கொசு, பாம்பு. பத்து மணிக்கு மேல் அதே ஐந்நூறு மரத்துக்கும் மறுபடி நடந்து பால் எடுத்து, தோளில் காண்டாக் கம்பு வைத்து இரண்டு வாளி தூக்கி ஸ்டோருக்கு வர வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. பட்டைக்குள் கத்தி இறங்கிவிட்டால் கங்காணி மரத்தில் அடையாளம் போட்டு, கூலியில் பிடிப்பார்.

குடுவை செய்யும் அம்மா குடுவையைத் தன் பெயரில் விற்கிறார். என் அம்மா எடுத்த பாலில் என் அம்மா பெயர் எங்கே இருந்தது? 1950-களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதே ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாக (எங்கள் நாட்டுப் பணம்) சேர்த்துத் தோட்டம் வாங்க வேண்டியிருந்தது ஏன்? மண்ணும் மரமும் நம்முடையதாக இல்லை என்பதால்தான்.

அது கூலி வேலை. கைவினை என்று பெயர் வைத்தால் அந்த வலி மறைந்துவிடும் என்று பயப்படுகிறேன்.


நெல்லிக்காய்
வியாழன், மாலை 6.44

லயத்துப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஆயா அந்த நாளைப் பற்றிப் பேசவே மாட்டார்.


வெட்டுக்காடு
வியாழன், இரவு 11.25

எனக்கு 68 வயது. இந்த ஊர்ப் பக்கத் தோட்டத்தில் 22 ஆண்டு மரம் வெட்டியிருக்கிறேன், அப்புறம் ஆறு ஆண்டு புதியவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தேன். தம்பி லயத்துப்பிள்ளை எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. நானும் மழை நாளில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவன்தான். ஆனாலும் நான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மரத்தில் பால் எங்கே இருக்கிறது? மேல்பட்டையில் இல்லை. கட்டையிலும் இல்லை. பட்டையின் உள்பக்கம், கட்டையை ஒட்டிய பகுதியில்தான் பால்குழாய்கள் நெருக்கமாக இருக்கும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய வளர்படலம். அதுதான் புதுப்பட்டையை உண்டாக்குவது. கத்தி அதைத் தொட்டால் அந்த இடம் முண்டு விழுந்து, பிறகு அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. ஆகவே பால் இருக்கிற ஆழத்துக்குப் போக வேண்டும், படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். இருட்டில், வளைந்த மரத்தில், பட்டையின் கனம் மரத்துக்கு மரம் மாறும்போது. கண்ணால் பார்த்து இதைச் செய்ய முடியாது. கத்தி போகும் சத்தமும் கைக்குத் தெரியும் கனமும்தான் சொல்லும்.

ஒரு வெட்டுக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போகும். ஒன்றுவிட்ட ஒரு நாள் வெட்டினால் ஆண்டுக்கு 150 வெட்டு என்று வையுங்கள், சுமார் முக்கால் அடிப் பட்டை தீரும். சீவல் இரண்டரை மில்லிமீட்டர் ஆனால் என்ன ஆகும்? மரத்தின் ஆயுசில் பல ஆண்டு போய்விடும். வெட்டிய இடத்தில் புதுப்பட்டை ஏறி மறுபடி வெட்ட ஏழெட்டு ஆண்டு ஆகும். தோட்டத்தின் மூலதனம் அந்தப் பட்டைதான். அதைச் செலவழித்தது எங்கள் கை.

இடது மேலிருந்து வலது கீழாக ஏன் வெட்டுகிறோம்? பால்குழாய்கள் நேர்குத்தாக ஏறுவதில்லை, சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறும். எதிர்ச் சாய்வில் வெட்டினால் அதிகம் குழாய் அறுபடும். விடியலில் ஏன்? இரவில் மரம் நீர் இழப்பதில்லை, உள்ளே அழுத்தம் கூடியிருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். இதெல்லாம் காரணம் தெரியாமலே என் அம்மா செய்தார். காரணத்தை நான் பிறகு படித்தேன்.

1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர்தான், மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல் அதே வெட்டைத் தினம் மெல்லத் திறக்கலாம் என்று காட்டினார். அவர் பெயர் எல்லா நூலிலும் இருக்கிறது, இருக்கட்டும். அவர் காட்டியதை நாள்தோறும் செய்து காட்டிய கைகளுக்கு ஒரு பெயரும் இல்லை. கூலி வேலை என்று நாமே சொல்லி விட்டுவிட்டால், அந்தக் கைக்குத் தெரிந்ததையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறோம். கூலி குறைவாகக் கொடுத்தான் என்பதற்காக வேலை சுலபமாகிவிடாது தம்பி. இவ்வளவு தெரிந்த கைக்கு அவ்வளவுதான் கொடுத்தான் என்று சொல்லுங்கள். அப்போதுதான் கணக்கு சரியாக வரும்.


குலசேகரத்தான் (கன்னியாகுமரி)
வெள்ளி, காலை 6.30

எங்கள் பக்கமும் ரப்பர்தான். இன்று வெட்டிவிட்டு வந்துதான் எழுதுகிறேன். பெரியவர் சொன்ன சத்தம் நூற்றுக்கு நூறு உண்மை. கத்தி மழுங்கினால் முதலில் காதுக்குத்தான் தெரியும். எங்களுக்குச் சில தோட்டத்தில் இன்னும் சிரட்டைதான் மங்கு. மழைக்காலத்தில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை ஒட்டிவிடுவோம், அதனால் தூறல் நாளிலும் வேலை உண்டு. நீங்கள் ஒட்டுப்பால் என்று சொல்வீர்களா?


வெட்டுக்காடு
வெள்ளி, காலை 8.15

சொல்வோம் தம்பி. மங்கில் உறைந்தது கட்டிப்பால், வெட்டில் காய்ந்தது கோட்டுப்பால், பொதுவாக ஒட்டுப்பால்.


கிராணிமகள்
வெள்ளி, காலை 10.00

என் அப்பா தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர். பால் நிறுக்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். லயத்துப்பிள்ளைக்கு நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை. அப்பா சொன்ன ஒன்றை மட்டும் எழுதுகிறேன். யார் எந்த மரத்தை வெட்டினார்கள் என்று பேரேட்டைப் பார்க்காமலே அவருக்குத் தெரியுமாம். வெட்டின் சாய்வைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாராம். ஒவ்வொரு கைக்கும் ஒரு கையெழுத்து இருந்தது என்பார்.

வைகைக்கரை அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். நேரம் இருந்தால் லாசா பக்கம் போய் வாருங்கள். தெமியார் பழங்குடி மக்கள் தாழை இனத்து ஓலையில் பாயும் கூடையும் பின்னுவார்கள். யாரையாவது முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை.


லயத்துப்பிள்ளை
வெள்ளி, இரவு 9.05

நேற்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று மாலை அம்மாவிடம் வெட்டுக்காடு ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், வலது மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்தார். அந்த மணிக்கட்டு இப்போது முழுசாகத் திரும்பாது. "ஒரு மில்லின்னு எழுதியிருக்காரா? நாங்க நெல்லு மொனை அளவுன்னு சொல்லுவோம்" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். எந்த நிரையில் எந்த மரம் பால் அதிகம் தரும், எந்த மரத்தில் முண்டு, எல்லாம் நினைவில் இருக்கிறது. இந்த 40 வயதில் நான் முதல் முறையாகக் கேட்கிறேன். நான்தான் இதுவரை கேட்கவில்லை.

ஐயா, நீங்கள் சொன்ன கணக்கை ஏற்கிறேன். அக்கா, நீங்கள் இதை வெளியே எங்காவது எழுதினால் கைவினை என்று எழுதுங்கள். ஆனால் பெரட்டையும் பிடித்த கூலியையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பக்கத்துக்குத் தள்ளாதீர்கள்.


வைகைக்கரை (மானாமதுரை)
சனி, இரவு 10.20

அதே பக்கத்தில்தான் எழுதுவேன் தம்பி. நான் வியாழக்கிழமை எழுதியதை இப்போது படித்தால், ஒரு காலை வேளை பார்த்ததை வைத்து அவசரப்பட்டிருக்கிறேன் என்று தெரிகிறது. அன்று நான் பார்த்தது ஆறு மரம். உங்கள் அம்மா ஒரு நாளில் ஐந்நூறு.

நேற்றும் இன்றும் பாட்டியோடு உட்கார்ந்து சொற்களை எழுதிக்கொண்டேன். பெரட்டு, நிரை, மங்கு, காண்டா, கோட்டுப்பால். எங்கள் பெட்டியில் இருக்கும் கடிதத்தில் 'காண்டா தூக்கித் தோள் காய்த்துவிட்டது' என்று ஒரு வரி வரும். வீட்டில் யாருக்கும் இத்தனை நாள் அது என்னவென்று தெரியாது. ஏதோ ஆளின் பெயர் என்றே நினைத்திருந்தோம். இன்று அர்த்தம் தெரிந்ததும் இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

லாசா போக நேரம் இல்லை. கேட்காமல் போகவும் மனம் இல்லை.

கிளம்பும் நேரத்தில் பாட்டி தன் பழைய பால்வெட்டுக் கத்தியை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்றோம். "என் பேரனுங்க யாருக்கும் இது தேவையில்ல. உங்க மாமனாருக்குக் காட்டுங்க, அவருக்குப் புரியும்" என்றார். இதை விமானத்தில் கொண்டுபோகலாமா? குடுவையையும் எப்படிக் கட்டுவது?


சிப்புட்காரன்
சனி, இரவு 10.35

கைப்பையில் வைக்காதீர்கள் அக்கா, எடுத்துவிடுவார்கள். ஏற்றிவிடும் பெட்டிக்குள் வையுங்கள். முனைக்கு அட்டை மடித்துக் கட்டி, தடிமனான துணியில் சுற்றுங்கள். குடுவையைத்தான் கையில் எடுத்துப் போக வேண்டும். உள்ளே துணி அடைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டுங்கள். உடைவது எப்போதும் கழுத்தில்தான்.


வைகைக்கரை (மானாமதுரை)
புதன், காலை 9.30

ஊர் வந்து சேர்ந்தோம். குடுவை உடையவில்லை.

மாமனார் அதைக் கையில் வாங்கி முதலில் விரல் கணுவால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். கடத்துக்குப் பெயர்பெற்ற ஊர்க்காரர், சத்தம் கேட்காமல் எந்தப் பானையையும் நம்ப மாட்டார். "நல்லா வெந்திருக்கு" என்றார். தண்ணீர் ஊற்றி வைத்தோம். காலையில் கீழே தரையில் வட்டமாக ஈரம்.

பிறகு கத்தியைக் கொடுத்தேன். எதற்கு என்று இவர் விளக்கத் தொடங்கினார். மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார். கைப்பிடியைத் தன் கைக்குள் வைத்து மெல்லத் திருப்பித் திருப்பி, கட்டைவிரல் தானாக உட்காரும் இடம் வந்ததும் நிறுத்தினார். அந்த இடத்தில் மரம் குழிந்திருந்தது. எழுந்து போய்த் தன் தட்டுப்பலகையை எடுத்து வந்து கத்திக்குப் பக்கத்தில் வைத்தார். அதிலும் பிடியில் அதே போல் ஒரு குழி. "எத்தனை வருசம் புடிச்சாங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

இரண்டையும் சேர்த்து எடுத்த படத்தை இங்கே போட்டிருக்கிறேன்.


லயத்துப்பிள்ளை
புதன், மாலை 7.15

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கத்தியின் உள்மடிப்பு மழுங்கியிருக்கிறது, தீட்டாமல் வைத்தால் துரு ஏறும் என்கிறார். சின்னக் கல்லைத் தண்ணீரில் நனைத்து உள்பக்கம் மட்டும் மெல்ல இழுக்க வேண்டுமாம். தீட்டி முடித்ததும் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கச் சொன்னார்.